கொல்ஃப் ஆட்டத்திற் கைத்திருப்பமும் வீச்சுத்தளமும்

ஒருவனது நோயைத் தீர்த்த மருந்து மற்றொருவனது நோயை வளர்த்தலும் உண்டு. மருந்தின் பெயரை அறிதலினும், அஃது எக்காரணத்தால், எப்பொழுது, எதன்மீது தொழிற்படுகின்றது என்பதை அறிதலே மருத்துவனுக்கு இன்றியமையாதது. இவ்வுண்மை மருத்துவத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஆசிரியன் மாணாக்கனுக்கு ஒரு தொழிலைப் பயிற்றும் இடமெங்கணும் பொருந்துவது. கொல்ஃப் என்னும் ஆட்டத்திலே கைகளின் தொழில்பற்றி நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்க நாட்டினரான பென் ஹோகன் (1912-1997) அவ்வாட்டத்தின் பெரும் விற்பன்னருள் ஒருவர். 1930 இல் தொழில்முறை ஆட்டத்திற் புகுந்த அவர், தனியாட்டப் போட்டியொன்றில் முதன்முதல் வெற்றி கண்டது 1940 இலேயாம். இடைப்பட்ட காலத்தில் அவரை வருத்திய குற்றம் ஒன்றே: அடித்த பந்து தாழ்ந்து பறந்து, இடப்புறமாகக் கடிதின் வளைந்து சென்றது. அக்குற்றத்தை அவர் தம் ஆராய்ச்சியாலே தீர்த்துக்கொண்டார். 1949 பெப்ரவரியில் நேர்ந்த கொடிய வாகன விபத்திலிருந்து மீண்டு, 1953 ஆம் ஆண்டு ஒன்றிலேயே மூன்று பெரும் பட்டங்களை ஈட்டினார். 1955 இல் 'லைஃப்' என்னும் சஞ்சிகையில் தமது இரகசியம் இதுவென வெளியிட்டார்: இடக்கைப் பெருவிரலைத் தண்டின் நேர்மேலே வைத்தல், பின்வீச்சிலே முன்கையைக் கவிழ்த்தல், வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டைச் சற்றுப் புறங்கைப் பக்கமாக மடித்தல்.

ஹோகனை உயர்த்திய இம்மருந்தைச் சாதாரண ஆட்டக்காரன் உண்பானாயின் அவன் நிலை யாதாகும்? அவனுடைய பிணி பெரும்பாலும் ஹோகனின் பிணிக்கு நேர்மாறானது. அவன் அடிக்கும் பந்து வலப்புறமாக வளைந்தோடுவது. ஹோகனின் முறை அவ்வலப்புற வளைவை மேலும் பெருக்கும். அதற்கு அஞ்சி, "கைகளை விரைந்து திருப்பு" என்று மறுதலையான உபதேசம் செய்வாரும் உளர். வியப்பு யாதெனின், அவ்வுபதேசமும் காலந் தவறிக் கைக்கொள்ளப்படின் அதே நோயையே வளர்க்கும். இது நிகழுமாறு எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆட்டத்தின் இயல்பு

கொல்ஃப் ஸ்கொத்லாந்து நாட்டிற் செழித்து, ஆங்கிலேயருடன் பல தேசங்களுக்கும் சென்ற ஆட்டம். நம் நாட்டிலும் கொழும்பில் 1879 இலேயே அதற்கெனக் கழகம் நிறுவப்பட்டது. கிரிக்கெற் ஆட்டத்திலே பந்து விரைந்து வருகின்றது. கொல்ஃப் ஆட்டத்திலோ பந்து அசையாது கிடக்கின்றது. ஆதலின் இது எளியதென எண்ணுதல் பிழை. 46 கிராமுக்கு மேற்படாத சிறு பந்தை, ஒரு மீற்றர் அளவு நீண்ட கோலின் நுனியிலுள்ள தலையினால், இருநூறு மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கை நோக்கி அடித்தல் வேண்டும். முகம் ஒரு பாகை பிழைத்தாலும் இருநூறு மீற்றர்த் தொலைவிலே மூன்றரை மீற்றர் விலகல் ஏற்படும். கோலின் தலை பந்தைத் தொட்டிருக்கும் காலமோ ஏறத்தாழ ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அக்கணத்திலே கையாற் பிழை திருத்துதல் எவர்க்கும் இயலாது. முன்பு செய்யப்பட்டவை அனைத்தும் அக்கணத்திலே பயனாய் விளையும்; அவ்வளவே.

கோலுக்கு மூன்று உறுப்புக்கள் உண்டு. கையாற் பற்றப்படுவது பிடி. நீண்ட நடுப்பகுதி தண்டு. பந்தை மோதுவது தலை. தலையின் மோதும் பக்கத்தை முகம் என்பர். கிரிக்கெற் மட்டையிலே பிடியின் நேர்க்கோடு மட்டையின் நடுவே செல்லும். கொல்ஃப் கோலிலோ தலை தண்டினின்றும் ஒருபுறமாக நீண்டு நிற்பதால், தலையின் திணிவு மையம் தண்டின் அச்சுக்குச் சில சதமமீற்றர் வெளியே அமைகின்றது. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துவாராக, பின்னர் வேண்டப்படும்.

வீச்சுத்தளம்

கோலைப் பின்னே உயர்த்துதலைப் பின்வீச்சு என்றும், அங்கிருந்து பந்தை நோக்கி இறக்குதலை முன்வீச்சு என்றும் கூறுவோம். இங்குக் கூறுவன யாவும் வலக்கை ஆட்டக்காரனைக் கருதியவை. கோல் இயங்கும்போது அதன் தண்டு வானிலே ஒரு சரிவான பரப்பைத் தடவிச் செல்வதாகக் கருதலாம். அப்பரப்பே வீச்சுத்தளம்.

1957 இல் வெளியான தமது நூலில் ஹோகன் இதனை ஓர் உருவகத்தாற் காட்டினார். பந்திலிருந்து தோள்கள்வரை ஒரு பெரிய கண்ணாடிப் பலகை சரிவாகச் சாய்ந்து கிடப்பதாகவும், ஆட்டக்காரனது தலை அதன் துளையொன்றின் வழியே வெளிப்பட்டு நிற்பதாகவும் எண்ணுக. பின்வீச்சிலே கைகள் அக்கண்ணாடியை உடைக்காது அதன் கீழே செல்லல் வேண்டும். முன்வீச்சின் தளம் அதனினும் சிறிது படிந்தது. இலக்குக்குச் சற்று வலப்புறம் நோக்குவது என்பதும் அவர் கூற்று.

தளத்தின் சரிவு கோலின் நீளத்தைப் பொறுத்து வேறுபடும். டிறைவர் என்னும் நெடுங்கோல் ஏறத்தாழ 45 அங்குலம். வெட்ஜ் என்னும் குறுங்கோல் ஏறத்தாழ 35 அங்குலம். நெடுங்கோலுக்குப் பந்து தொலைவிற் கிடத்தலால் தளம் படிந்திருக்கும்; குறுங்கோலுக்கு நிமிர்ந்திருக்கும். வீச்சு முழுவதும் ஒரே தளத்திலே நிகழ்வதென்பது உண்மையன்று. கோலின் தலை ஏறத்தாழ ஒரு தளத்தில் இயங்குவது முன்வீச்சின் நடுப்பகுதி தொடங்கி அடிக்குப் பின் சிறிது தூரம் வரையிலேயே என்பதை 2012 இல் வெளியான உயிர்ப்பொறியியல் ஆய்வொன்று எடுத்துக்காட்டிற்று. ஆகவே ஹோகனின் கண்ணாடியை அளவுகோலாகக் கொள்ளாது, வழிகாட்டும் படமாகக் கொள்ளுதலே தகும்.

பந்தின் திசையை வகுப்பவை இரண்டு. ஒன்று, கோலின் தலை இயங்கும் வழி. இது வீச்சுத்தளத்தைச் சார்ந்தது. மற்றொன்று, மோதுங் கணத்தில் முகம் நோக்கும் திசை. தலையின் வழியிலேயே பந்து புறப்பட்டு, முகம் நோக்கும் திசைக்கு வளையும் என்று பல்லாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டது. இது தவறென்பதைப் பௌதிக நூலாரின் ஆய்வும், அண்மைக்கால ராடர்க் கருவிகளின் அளவீடும் நிறுவியுள்ளன. பந்து புறப்படும் திசையைப் பெரிதும் வகுப்பது முகமே. டிறைவருக்கு அதன் பங்கு நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டது. பந்து வளைவதோ முகத்துக்கும் வழிக்கும் இடையிலுள்ள கோணத்தினால். முகம் வழிக்கு வலப்புறம் நோக்கின் பந்து வலப்புறம் வளையும். இடப்புறம் நோக்கின் இடப்புறம் வளையும். எனவே, வலப்புற வளைவுக்குக் காரணம் முகம் திறந்திருத்தலாகவும் இருக்கலாம். வழி இடப்புறமாக ஓடுதலாகவும் இருக்கலாம். நோய் ஒன்று, காரணம் இரண்டு. இங்கேதான் கைகளின் தொழில் ஆராயப்படல் வேண்டும்.

கையின் மூவகை அசைவுகள்

மணிக்கட்டும் முன்கையும் கோலுக்கு மூவகை அசைவுகளைத் தரவல்லன. முதலாவது, கை பெருவிரற் பக்கமாக மேலெழுதலும் சிறுவிரற் பக்கமாகத் தாழ்தலும். இதனை நிமிர்வு என்போம். இரண்டாவது, கை புறங்கைப் பக்கமாகவோ உள்ளங்கைப் பக்கமாகவோ மடிதல்; இது மடிப்பு. மூன்றாவது, முன்கை தன் நீளத்தை அச்சாகக் கொண்டு உருளுதல், இது திருப்பம். முன்கையிலுள்ள ஆரை எலும்பு, அரந்தி எலும்பு என்னும் இரண்டனுள் முன்னையது பின்னையதன்மேற் குறுக்கே புரளுதலால் திருப்பம் நிகழ்கின்றது. உள்ளங்கை கீழ்நோக்கத் திரும்பின் கவிழ்தல் என்றும், மேல்நோக்கத் திரும்பின் மலர்தல் என்றும் கூறலாம்.

கற்பிப்போரும் கற்போரும் பெரும்பாலும் மயங்குவது இவ்விடத்தே. மடிப்பு என்பது எப்பொழுதும் ஒரே பயனைத் தருவதென்றும், திருப்பம் என்பது எப்பொழுதும் முகத்தை மூடுவது அல்லது திறப்பதென்றும் அவர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. இதனை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. வீட்டிலுள்ள வளைந்த பிடியுடைய குடையொன்றே போதும்.

குடையை மடக்கிக் கட்டி, அதன் கூர்முனைப் பக்கத்தை இடக்கையாற் பற்றுக. வளைந்த பிடி கோலின் தலையாகவும், குடையின் நீளம் தண்டாகவும் அமையும். இப்பொழுது கையை முன்னே நீட்டி, குடை முன்கையின் நேர்க்கோட்டில் நிற்கப் பிடித்து, முன்கையைத் திருப்புக. குடை இருந்த இடத்திலேயே சுழலும். வளைந்த பிடி மட்டும் பக்கம் மாறிப் பார்க்கும். அதாவது தண்டின் திசை மாறவில்லை; முகம் நோக்கும் திசையே மாறியது.

அடுத்து, குடை முன்கைக்குச் செங்கோணமாக மேல்நோக்கி நிற்கப் பிடித்து, முன்கையை முன்போலவே திருப்புக. இம்முறை குடை முழுவதும் கடிகார முள்ளைப்போல ஒருபுறம் வீழும். முன்கை திரும்பிய அளவு ஒன்றே. விளைவோ முற்றும் வேறு. இங்கே மாறியது தண்டின் திசை. தண்டை நோக்க முகம் மாறவில்லை.

அந்நிலையிலேயே முன்கையைத் திருப்பாது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடித்துப் பார்க்க. குடை ஏறத்தாழ இருந்த திசையிலேயே நிற்க, வளைந்த பிடி பக்கம் மாறும். குடையை மீண்டும் முன்கையின் நேர்க்கோட்டிற்குக் கொண்டுவந்து அவ்வாறே மடித்தாலோ குடை முழுவதும் பக்கவாட்டில் ஆடும்.

ஆகவே பெறப்படும் விதி இதுவாம்: தண்டு முன்கைக்குச் செங்கோணமாக நிற்கும்போது திருப்பம் தளத்தை மாற்றும், மடிப்பு முகத்தை மாற்றும், தண்டு முன்கையின் நேர்க்கோட்டில் நிற்கும்போது திருப்பம் முகத்தை மாற்றும், மடிப்பு தண்டை மாற்றும். இரண்டும் தம் தொழிலை இடைவழியிலே ஒன்றற்கொன்று மாற்றிக்கொள்கின்றன.

கணிதம் பயிலும் மாணாக்கர் இதனை எளிதில் அளவிடலாம். முன்கைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் விகிதப்படி திருப்பம் தண்டை நகர்த்தும். கோசைன் விகிதப்படி முகத்தைச் சுழற்றும். கோலின் நீளத்தை ஒரு மீற்றர் எனவும், திருப்பத்தைப் பத்துப் பாகை எனவும் கொள்வோம். கோணம் 90 பாகையாயின் கோலின் தலை ஏறத்தாழ 17 சதமமீற்றர் இடம்பெயரும். முகம் தண்டைச் சுற்றித் திரும்பாது. கோணம் 30 பாகையாயின் தலை 9 சதமமீற்றர் அளவே பெயரும். முகமோ ஏறத்தாழ எட்டரைப் பாகை திரும்பும். கோணம் அற்றுப்போயின் தலை பெயராது. பத்துப் பாகையும் முகத்தையே சேரும்.

வீச்சில் இவ்விதி தொழிற்படுமாறு

நிற்கும் நிலையிலே கையும் கோலும் ஓரளவு நேராக நிற்கின்றன. பின்வீச்சு மேலேறும்போது நிமிர்வு கூடி, உச்சியை அணுகுகையில் இடது முன்கைக்கும் தண்டுக்கும் இடையே ஏறத்தாழச் செங்கோணம் அமைகின்றது. முன்வீச்சிலே அக்கோணம் முதலிற் காக்கப்பட்டு, பின்னர் விரைவாக விரிந்து, அடியின்போது பெரும்பாலும் நேராகின்றது. இரு கோல்கள் மூட்டினாற் பிணைந்த இரட்டை ஊசலைப்போல இவ்வியக்கம் அமைதலைக் கொக்கிரன், ஸ்ரொப்ஸ் என்னும் இருவரும் 1968 இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விளக்கினர். கோணம் விரியும்வரை காத்திருத்தலே கோலின் தலைக்குப் பெருவேகத்தை அளிக்கின்றது.

இவ்விரட்டை ஊசலோடு நமது விதியையும் சேர்த்து நோக்குக. உச்சியிலே கோணம் செங்கோணம். ஆதலின் அங்கே செய்யப்படும் திருப்பம் தளத்தின்மீதே தாக்கும். பின்வீச்சிலே இடது முன்கை போதிய அளவு கவிழாதாயின் தண்டு மிக நிமிர்ந்து நிற்கும். அளவுக்கு மீறிக் கவிழ்ந்தால் தண்டு உடலுக்குப் பின்னாற் படிந்து வீழும். முன்வீச்சின் தொடக்கத்திலும் அவ்வாறே. அங்கே முன்கை சிறிது கவிழ்ந்த நிலையில் நிற்பின் தண்டு படிந்து உள்வழியாக இறங்கும். மலரத் தொடங்கின் தண்டு நிமிர்ந்து, தளத்துக்கு வெளியே எறியப்படும்.

வலப்புற வளைவால் வருந்தும் ஆட்டக்காரனுக்கு, "கைகளை விரைந்து திருப்பு" என்ற உபதேசம் ஏன் நஞ்சாயிற்று என்பது இப்பொழுது தெளிவாகும். அவன் பணிவோடு ஆசிரியர் சொற்படி நடக்கின்றான். ஆனால் அச்சத்தினால் முன்வீச்சு தொடங்கும்போதே திருப்பிவிடுகின்றான். செங்கோணம் இன்னும் விரியாமையால், அத்திருப்பம் முகத்தை மூடவில்லை. தண்டையே வெளியே தள்ளிற்று. வெளியே சென்ற கோல் பந்தை அடைய வேண்டுமாயின் இலக்குக் கோட்டைக் குறுக்கே வெட்டி இடப்புறமாக ஓடவேண்டியதாகும். வழி இடப்புறம் ஓட, முகம் அவ்வழிக்குத் திறந்தே நிற்க, பந்து முன்னிலும் அதிகமாக வலப்புறம் வளைகின்றது. ஆசிரியர், "இன்னும் விரைவாகத் திருப்பு" என்கின்றார். மாணாக்கன் இன்னும் முந்தித் திருப்புகின்றான். நோய் முற்றுகின்றது. இருவரும் உழைக்கின்றனர்; இருவர்மீதும் சோம்பற் குற்றம் இல்லை. குற்றம் காரணத்தை ஆராயாமையிலேயே உள்ளது.

அவனுக்கு உதவுவது யாது? முகத்தை மூடவேண்டின் உச்சியிலே அதனைச் செய்யவல்லது மடிப்பேயன்றித் திருப்பம் அன்று. இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் குழியவிடாது நேராகவோ, உள்ளங்கைப் பக்கம் சிறிது மடித்தோ வைத்திருப்பின், தளம் கெடாமலே முகம் மூடும். திருப்பமோ கோணம் விரிந்த பின்னர், அடியை அணுகும்போது நிகழ்தல் வேண்டும். அப்பொழுதே அது முகத்தைச் செவ்விதாக்கும். முந்திய திருப்பம் தளத்தைக் கெடுக்கும். பிந்திய திருப்பம் முகத்தைத் திருத்தும்.

ஹோகனின் மருந்தும் இதே விதியால் விளங்கும். அவருடைய முகம் அளவுக்கு மீறி மூடிக்கொண்டமையே அவர் நோய். உச்சியிலே மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் மடித்தமையால் தளத்தைக் கெடுக்காமல் முகத்தைத் திறந்துகொண்டார். பின்னர் அடியின்போது முன்கையை எவ்வளவு வலிமையாக மலர்த்தினும் பந்து இடப்புறம் வளையுமென்ற அச்சம் இல்லை. அடியின்போது இடது முன்கை மலரும் நிலையையும் 1957 ஆம் ஆண்டு நூலிலே அவர் வற்புறுத்தியுள்ளார். முற்பகுதியிலுள்ள மடிப்பும் பிற்பகுதியிலுள்ள திருப்பமும் ஒன்றையொன்று சமன் செய்தன. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டவர் பாதி மருந்தை உண்டவராவர்.

திணிவு மையத்தின் பங்கு

கோலின் தலையினது திணிவு மையம் தண்டின் அச்சுக்கு வெளியே உள்ளதென முன்னர்க் கூறினோம். வளைந்த பிடியுள்ள குடையைக் கிடையாகத் தளரப் பிடித்தால் வளைவு தானே கீழ்நோக்கித் திரும்புதலை யாவரும் கண்டிருப்பர். கோலும் அத்தகையதே. கையின் இழுவிசை திணிவு மையத்தின் வழியே செல்லாதாயின் கோல் தண்டைச் சுற்றித் திரும்ப முயலும். எனவே தண்டைச் சுழற்றுவார் முகத்தை மாத்திரம் திருப்புகின்றாரல்லர். தலையின் பாரத்தையும் தண்டின் ஒரு பக்கத்தினின்று மறுபக்கத்துக்கு மாற்றுகின்றார். பந்தைச் சேரவேண்டியது தண்டன்று, தலையின் நடுவே என்பதால், தண்டு செல்லும் தளமும் தலையின் நடு செல்லும் தளமும் வேறு வேறாகும். ஹோமர் கெல்லி 1969 இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். கோல் பாரமாகவும் பிணக்காகவும் கையில் உணரப்படும்போது, வலிமை குறைந்ததெனக் கருதாது, பாரம் எப்பக்கம் நிற்கின்றதென ஆராய்தல் நன்று.

வழிகள் பல

இவ்விதியை உடன்பட்டவர் யாவரும் ஒரே உருவத்தில் ஆடவேண்டும் என்பது இல்லை. ஜிம் ஃபியூறிக் என்னும் அமெரிக்கர் பின்வீச்சிலே கோலை மிக நிமிர்த்தி உயர்த்தி, முன்வீச்சிலே வளையமிட்டுத் தாழ்த்தி இறக்குபவர். ஹோகனின் கண்ணாடிக்கு அவ்வீச்சு சிறிதும் ஒவ்வாது. ஆயினும் 2003 இல் அமெரிக்கத் திறந்த போட்டியில் வென்றார். 2016 இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். டஸ்ரின் ஜோன்சன் உச்சியிலே மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மிக மடித்து முகத்தை மூடிக்கொள்பவர். இது ஹோகன் செய்தற்கு நேர்மாறு. மடிப்பினாலே முகம் முன்னரே மூடிக்கொண்டமையால், அடியின்போது கைத்திருப்பத்தை அவர் குறைவாகவே நாடி, உடற்சுழற்சியை நம்புகின்றார். அவரும் 2016, 2020 ஆம் ஆண்டுகளிற் பெரும் பட்டங்களை வென்றவர். மூவரும் உச்சியில் வேறுபட்டனர். பந்தை மோதும் கணத்தில் ஒன்றுபட்டனர். ஒவ்வொருவரும் முற்பகுதியிற் செய்ததற்கு ஏற்ற ஈட்டைப் பிற்பகுதியிற் செய்தமையே அவ்வொற்றுமைக்குக் காரணம்.

உருவத்தைக் கண்டு பின்பற்றுதல் எளிது. காரணத்தைக் கண்டு பின்பற்றுதல் அரிது. சிறந்த ஆட்டக்காரனின் நிழற்படத்தைச் சுவரில் ஒட்டி அதனைப்போல நிற்க முயலும் இளைஞன், அப்படத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைக் காண்பதில்லை. இது கொல்ஃப் ஆட்டத்துக்கு மாத்திரம் நேரும் குறையன்று. விடையை மனனஞ் செய்து வழியை விட்டுவிடும் மாணாக்கனும், ஒருவனுக்குப் பயன்பட்ட அறிவுரையை வகுப்பு முழுவதற்கும் வழங்கும் ஆசிரியனும் இதே பிழையையே செய்கின்றனர். "கையைத் திருப்பு" என்பது உண்மையுமன்று, பொய்யுமன்று. எப்பொழுது, எக்கோணத்தில், எக்குற்றத்தை நீக்கும் பொருட்டு என்பவை சேர்ந்தபோதே அது போதனையாகும். அதனை ஐயுறுவார் குடையொன்றைக் கையில் எடுத்துத் தாமே சோதித்துக் காண்பாராக.